நாட்டு மக்காச்சோளம்: மெக்சிகோவின் வகைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விதைத் திருவிழாக்களில் நாட்டு நெல்லைப் பற்றியும் சிறுதானியங்களைப் பற்றியும் பேசி முடித்த பிறகு, மக்காச்சோளத்தைப் பற்றி ஏறத்தாழ இதே ஐயங்களைப் பலர் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்டபடியே எடுத்து, எளியதிலிருந்து சிக்கலானதை நோக்கி வரிசைப்படுத்தியிருக்கிறேன். இந்தப் பயிர் பிறந்த நாடு மெக்சிகோ என்பதாலும், வட்டாரத் தகவமைப்பைப் பற்றிய நல்ல ஆய்வுகள் பல அங்கேயே நடந்தவை என்பதாலும், எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன.

1. மக்காச்சோளம் என்றாலே மஞ்சள்தானே? அதில் நாட்டு ரகம் என்று தனியாக உண்டா?

நம் சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்காக விளைவிக்கப்படும் மஞ்சள் மக்காச்சோளம் என்பதால், மஞ்சளே அதன் இயல்பு என்று நினைத்துவிடுகிறோம். மெக்சிகோவின் மலைக் கிராமங்களில் வெள்ளை, நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள் என எல்லா நிறக் கதிர்களையும் காணலாம். நிறம் வெளியே தெரியும் வேறுபாடு மட்டுமே. மாவின் மென்மை, மணியின் பருமன், செடியின் உயரம், பூக்க எடுக்கும் நாட்கள், வேரின் பிடிப்பு ஆகியவற்றில் உள்ள வேறுபாடுகள் அதைவிடப் பெரியவை.

விவசாயிகள் தங்கள் அறுவடையிலிருந்தே விதை எடுத்து, தலைமுறைகளாக ஒரு வட்டாரத்தில் விதைத்து வந்ததால் உருவான வகையையே இங்கே நாட்டு ரகம் என்கிறேன். வீரிய ஒட்டுரக வயலில் செடிகள் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும். நாட்டு ரக வயலில் எந்த இரண்டு செடிகளும் மரபளவில் ஒன்றாக இருப்பதில்லை. பின்வரும் பதில்களில் பல இந்த வேறுபாட்டைச் சார்ந்தவை.

2. இது முதலில் எங்கே விளைந்தது? காட்டில் தானாக வளருமா?

தென்மேற்கு மெக்சிகோவில் உள்ள பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன், தியோசின்டே என்னும் காட்டுப் புல்லிலிருந்து மக்காச்சோளம் உருவானது. அந்தப் புல்லின் கதிரில் பத்துக்கு முன்பின்னாகவே மணிகள் இருக்கும். ஒவ்வொன்றையும் கல் போன்ற ஓடு மூடியிருக்கும். ஓஹாக்கா மாநிலத்தின் கிலா நாகிட்ஸ் குகையில் கிடைத்த கதிர்த் துண்டுகள் சுமார் 6,250 ஆண்டுகள் பழமையானவை. அவற்றில் அந்த ஓடு மறைந்து மணிகள் வெளியே தெரிகின்றன.

இன்றைய மக்காச்சோளம் காட்டில் நிலைக்காது. மணிகள் உறைக்குள் இறுகப் பிடித்திருப்பதால் தாமாக உதிர்வதில்லை. கதிரோடு விழுந்தால் எல்லா மணிகளும் ஒரே இடத்தில் நெருக்கியடித்து முளைத்து அழிகின்றன. மனிதக் கை உரித்து விதைத்தால்தான் அடுத்த தலைமுறை உண்டு.

3. மெக்சிகோவில் 25 வகை என்கிறார்கள், 59 என்கிறார்கள், 64 என்கிறார்கள். எதுதான் சரி?

மூன்றும் சரியே; எண்ணியவர்களும் எண்ணிய காலமும் வேறு. 1951-இல் வெல்ஹாசன், ராபர்ட்ஸ், எர்னாந்தெஸ் ஆகியோர் மாங்கெல்ஸ்டார்ஃபுடன் சேர்ந்து மெக்சிகோவின் மக்காச்சோளத்தை முதன்முதலாக விரிவாக வகுத்தபோது 25 இனங்களை, அதாவது பொதுவான பண்புகளால் ஒன்றுசேரும் ரகத் தொகுதிகளை, விவரித்தார்கள். பின்வந்த சேகரிப்புகளால் பட்டியல் 64 ஆக வளர்ந்தது. அவற்றுள் 59 மெக்சிகோவுக்கே உரியவை. எஞ்சிய ஐந்து முதலில் குவாத்தமாலாவிலும் கரீபியனிலும் விவரிக்கப்பட்டவை.

இவை இனங்களின் எண்ணிக்கை, ரகங்களின் எண்ணிக்கை அல்ல என்பதை மறக்கக் கூடாது. ஓர் இனத்துக்குள் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு வேறுபடும் விதைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இனங்களுக்கு இடையேயான எல்லைகளும் தெளிவானவை அல்ல. எண்ணிக்கையை வைத்துப் பெருமை பேசுவதில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை.

4. 'மண்ணுக்கேற்ற விதை' என்பது கேட்க நன்றாக இருக்கிறது. அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டா?

உண்டு, சோதிக்கும் முறையும் எளிமையானது. வெவ்வேறு உயரங்களில் உள்ள ஊர்களின் விதைகளைச் சேகரித்து, எல்லா விதைகளையும் எல்லா உயரங்களிலும் விதைக்க வேண்டும். ஒவ்வொரு விதையும் தன் சொந்த இடத்தில் வெளியூர் விதையைவிட நன்றாக விளைந்தால், அது அந்த இடத்துக்குத் தகவமைந்தது எனலாம். எங்கே விதைத்தாலும் ஒரே விதை முந்தினால் அது பொதுவாகவே வலுவான விதை. அதை வட்டாரத் தகவமைப்பு என்று சொல்ல முடியாது.

சியாபாஸ் மாநிலத்தில் கிறிஸ்டின் மெர்சர், ஊகோ பெராலெஸ் முதலியோர் இப்படிச் செய்த ஆய்வு 2008-இல் வெளியானது. உயர்மலை வகைகள் தம் இடத்தில் தெளிவாகச் சிறந்தன. கீழே கொண்டுவந்து விதைத்தபோது மிக மோசமாகப் போயின. தாழ்நில வகைகளிடம் இவ்வளவு கூர்மையான இடப்பற்று தெரியவில்லை. ஆகவே எல்லா நாட்டு ரகமும் ஒரே அளவில் தன் மண்ணோடு பிணைந்தது என்று சொல்வது சரியல்ல. குளிர் போன்ற கடும் நெருக்கடி உள்ள இடத்தில்தான் அந்தப் பிணைப்பு இறுகுகிறது.

5. கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி ஓர் எடுத்துக்காட்டுச் சொல்ல முடியுமா?

தெவாந்தெபெக் நிலஇடுக்கில் சபோத்தெக் மக்கள் விதைக்கும் சபலோத்தே சிக்கோ வகையைச் சொல்வேன். வளைகுடாப் பக்கத்திலிருந்து மலைகளின் இடைவெளி வழியாகப் பசிபிக் பக்கம் பாயும் வாடைக்காற்று அங்கே பேர்போனது. உயரமான செடிகள் அதில் சாய்ந்துவிடும். இந்த வகையோ குட்டையானது. கதிரும் தாழ்வாகவே பிடிக்கிறது. மூன்று மாதத்துக்குள் முற்றிவிடுகிறது. கதிர்ப்புழு மெக்சிகோ எங்கும் தொல்லை தருவது. இதன் கதிரிழையில் அந்தப் புழுவின் வளர்ச்சியைத் தடுக்கும் மேசின் என்ற பொருள் மிகுதியாக இருப்பதைக் கண்டு, வெளிநாட்டு விதை வளர்ப்பாளர்களும் இதைத் தேடி வந்தார்கள். உள்ளூர்ப் பெண்களுக்கு முக்கியமானது வேறு: மண் அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுடும் தொத்தொப்போ என்ற மொறுமொறுப்பான அப்பத்துக்கு இந்த மாவையே அவர்கள் விரும்புகிறார்கள்.

மெக்சிகோவுக்கு வடக்கே, அரிசோனாவின் வறண்ட மேட்டுநிலத்தில் ஹோப்பி மக்கள் விதைக்கும் மக்காச்சோளம் இன்னொரு வகையில் வியப்பூட்டுவது. மணலின் மேற்பரப்பு காய்ந்து கிடப்பதால், ஈரம் இருக்கும் ஆழத்துக்குக் குச்சியால் குழி தோண்டி, 15 முதல் 30 செ.மீ. ஆழத்தில் விதையை இடுகிறார்கள். சாதாரண மக்காச்சோளம் அந்த ஆழத்திலிருந்து மேலே வராமலேயே அழுகிவிடும். ஹோப்பி விதையில், விதைக்கும் முளைக்குருத்துக்கும் இடையிலுள்ள தண்டுப்பகுதி மிக நீளமாக வளர்ந்து குருத்தை மண்ணுக்கு வெளியே தள்ளுகிறது. ஜி. என். காலின்ஸ் 1914-இலேயே இதை விவரித்திருக்கிறார்.

6. குளிர்மலை ரகங்களுக்கு அந்தத் தாங்குதிறன் எப்படி வந்தது? மக்காச்சோளம் வெப்பநாட்டுப் பயிர்தானே?

நல்ல கேள்வி. பால்சாஸ் பள்ளத்தாக்கு வெப்பமான தாழ்நிலம். 2,600 மீட்டர் உயரத்தில் உள்ள தொலூக்கா சமவெளி உறைபனி விழும் இடம். மேலே ஏறிய மக்காச்சோளம் அங்கே இன்னொரு காட்டு உறவைச் சந்தித்தது. மெக்சிகானா என்னும் அந்த உயர்நிலத் தியோசின்டே, அந்தக் குளிரில் ஏற்கெனவே காலூன்றியிருந்தது. இன்றும் அங்கே மக்காச்சோள வயல்களிலேயே களையாக முளைக்கிறது. இரண்டும் கலந்தன. 2013-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, மெக்சிகானாவின் மரபுத் துண்டுகள் உயர்நில மக்காச்சோளத்தில் குறிப்பிட்ட இடங்களில் நிலைத்திருப்பதைக் காட்டியது. உயர்நிலச் செடிகளின் இலையுறையில் தெரியும் செவ்வூதா நிறமும் அடர்ந்த மயிரும் அந்தப் பகுதிகளோடு தொடர்புடையவை. நிறம் வெயிலின் சூட்டை ஈர்த்துக்கொள்ளவும், மயிர் அந்தச் சூட்டைக் காக்கவும் உதவுவதாகக் கருதப்படுகிறது.

நான்காம் குரோமோசோமில் தலைகீழாகத் திரும்பிய ஒரு நீண்ட பகுதியும் இவ்வாறு வந்ததே. அதைப் பெற்ற செடிகள் மலையில் சீக்கிரம் பூக்கின்றன. பனிக்கு முன் முற்ற வேண்டிய பயிருக்கு அது பெரிய நன்மை. பாராட்டிவிட்டு ஒரு குறையையும் சொல்ல வேண்டும்: இந்த உயர்நில வகைகளின் வேர்ப்பிடிப்பு பலவீனமானது, பலமான காற்றில் எளிதில் சாய்ந்துவிடும்.

7. காற்றிலிருந்தே உரம் எடுத்துக்கொள்ளும் மக்காச்சோளம் உண்டாமே, உண்மையா?

உண்மைதான், ஆனால் வாட்ஸப்பில் சுற்றும் அளவுக்கு இல்லை. ஓஹாக்காவின் மிஹே மலைப்பகுதியில், தொதொந்தெபெக் ஊரில் விளையும் ஒரு வகை, தரைக்கு மேலே பல கணுக்களில் தடித்த வேர்களை விடுகிறது. மழைக்காலத்தில் அந்த வேர்களிலிருந்து கூழ்போன்ற இனிப்புத் திரவம் வழிகிறது. அதில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருகின்றன. 2018-இல் வெளியான ஆய்வு, செடியின் நைட்ரஜனில் 29 முதல் 82 விழுக்காடு வரை இவ்வழியில் வந்ததாக மதிப்பிட்டது.

அந்தச் செடி 5 மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. முற்ற எட்டு மாதத்துக்கு மேல் எடுப்பது. கூழ் சுரக்க விடாத ஈரம் வேண்டும். நம் ஊர் மானாவாரிப் புரட்டாசிப் பட்டத்தில் விதைத்தால் உரச்செலவு மிச்சம் என்று எண்ணுவோர் இந்த மூன்றையும் யோசிக்க வேண்டும். இந்தக் குணத்தை வணிகமாக்கினால் வரும் பயனில் ஊருக்கும் பங்கு என்று உயிர்வளப் பயனைப் பகிர்வதற்கான பன்னாட்டு உடன்பாடான நகோயா நெறிமுறையின் கீழ் ஓர் ஒப்பந்தம் செய்யப்பட்டது. அந்தப் பங்கு போதுமா, ஒரே ஊரோடு ஒப்பந்தம் செய்வது பக்கத்து ஊர்களுக்கு நியாயமா என்ற வாதங்கள் எழுந்தன. அவை எனக்கும் நியாயமாகவே படுகின்றன.

8. இது மகரந்தம் காற்றில் பறக்கும் பயிர். எல்லாம் கலந்து ஒரே குழப்பமாக அல்லவா ஆகியிருக்க வேண்டும்?

கலக்கத்தான் செய்கிறது. வெள்ளை வயலுக்குப் பக்கத்தில் நீலம் இருந்தால், அந்த ஆண்டே வெள்ளைக் கதிரில் ஆங்காங்கே நீல மணிகள் தோன்றும். இருந்தும் வகைகள் நிலைக்கின்றன என்றால், காரணம் அறுவடைக்குப் பின் வீட்டில் நடக்கும் தேர்வு. குவிந்த கதிர்களிலிருந்து தங்கள் வகைக்குரிய வடிவமும் மணியும் கொண்ட நல்ல கதிர்களை எடுத்து, நுனியும் அடியும் நீக்கி, நடுப்பகுதி மணிகளை விதைக்கு வைக்கிறார்கள். ஆண்டுதோறும் கலப்பு வருகிறது, ஆண்டுதோறும் தேர்வும் நடக்கிறது; நாட்டு ரகம் என்பது இவ்விரண்டுக்கும் இடையே நிற்கும் ஒரு நிலை. தேர்வை நிறுத்தினால் சில ஆண்டுகளிலேயே வகை கரைந்துவிடும்.

விதை ஒரே வீட்டில் அடைந்து கிடப்பதும் இல்லை. ஹலிஸ்கோ மாநிலத்தின் குசலாப்பா பள்ளத்தாக்கில் தொமினிக் லூயெத் செய்த ஆய்வில், விதைகளில் பாதிக்குச் சற்று மேல்தான் விவசாயியின் சொந்த அறுவடையிலிருந்து வந்தவை. மற்றவை ஊராரிடமிருந்தும், ஒரு சிறுபகுதி வெளியூரிலிருந்தும் வந்தவை. 'பாட்டன் காலத்திலிருந்து மாறாத விதை' என்ற பேச்சை நான் தவிர்ப்பதற்கு இதுவே காரணம். மாறாமல் இருந்திருந்தால் அது 6-ஆம் பதிலில் சொன்ன குளிர்மலையில் ஏறியே இருக்காது.

9. உயரமும் மழையும் ஒன்றாக இருக்கும் பக்கத்து ஊர்களில் விதை ஏன் வேறாக இருக்கிறது?

தட்பவெப்பம் மட்டும் பன்மையை உண்டாக்கவில்லை என்பதற்கு இதுவே சான்று. சியாபாஸ் மலைகளில் செல்தால், சோட்சில் என்னும் இரு மாயா மொழிக் குழுக்கள் அருகருகே வாழ்கின்றன. பெராலெஸும் உடன் ஆய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வின்படி இரு குழுக்களின் மக்காச்சோளமும் தோற்றத்தில் தனித்தனியானவை. ஆனால் அவர்கள் பயன்படுத்திய மரபுக் குறியீடுகளில் அப்படித் தெளிவான பிரிவு தெரியவில்லை. மாற்றி விதைத்துப் பார்த்ததில், சோட்சில் நிலத்திலேயே செல்தால் விதை சில சமயம் அதிகம் விளைந்தது. விளைச்சல் மட்டுமே கணக்கு என்றால் சோட்சில் விவசாயிகள் எப்போதோ விதையை மாற்றியிருப்பார்கள். விதையும் அதைப் பற்றிய அறிவும் உறவுமுறை, மொழி, சந்தைப் பழக்கம் ஆகிய வழிகளில் கைமாறுகின்றன. அந்த வழிகள் எங்கே நிற்கின்றனவோ அங்கே விதையும் நின்றுவிடுகிறது.

சமையலும் ஒரு காரணம். பொசோலே என்ற கஞ்சிக்குப் பெரிய மென்மணி கொண்ட ககவசின்த்லே, ஓஹாக்காவின் அகன்ற த்லயூதா ரொட்டிக்கு பொலித்தா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை இருக்கிறது. கதிரின் மேலுறைகூடக் கணக்கில் சேரும். தமால் என்ற கொழுக்கட்டையை அதில்தான் பொதிந்து அவிக்கிறார்கள்.

10. விளைச்சல் குறைவு என்றால் ஏன் இன்னும் விதைக்கிறார்கள்? பழக்கம்தானா?

பாசனமும் உரமும் உள்ள சமவெளியில் ஒட்டுரகமே அதிகம் விளையும். இதை மறுத்துப் பேசுவது வீண். ஆனால் சரிவான மலை, சீரற்ற மழை, மெலிந்த மண் ஆகியவை சேரும் இடத்தில் அந்த ஒட்டுரகம் தன் திறனைக் காட்ட முடிவதில்லை. விதைக்குக் கொடுத்த பணமும் போகும். பீன்ஸும் பூசணியும் கூடவே வளரும் மில்பா நிலத்தில், பீன்ஸ் கொடி ஏறத்தக்க உறுதியான தண்டும் ஒரு விளைச்சல்தான்.

அதற்காக எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பொருளில்லை. 1994-இல் வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின் அமெரிக்க மக்காச்சோளம் பெருமளவில் வந்தது. இளையோர் நகரங்களுக்கும் வடக்கேயும் சென்றுவிட்டனர். நயரித் மாநிலத்தின் ஹாலா பள்ளத்தாக்கில், ஒருகாலத்தில் 60 செ.மீ. அளவுக்கு நீண்ட கதிர் தந்த ஹாலா வகை இன்று சில வயல்களிலேயே மிஞ்சியிருக்கிறது. அங்கே ஆகஸ்டுத் திருவிழாவில் மிக நீண்ட கதிருக்குப் பரிசு தருகிறார்கள். அப்போது கதிர் பால்பிடித்த இளம் பருவத்தில் இருப்பதால், பரிசு வென்ற கதிர் விதைக்கு உதவாது. நல்ல நோக்கத்தோடு தொடங்கிய போட்டி, மிக நீண்ட கதிர்களையே விதைக்குவியலிலிருந்து எடுத்துவிடும் விந்தையை அமைப்பாளர்கள் எப்படிப் பார்க்கிறார்களோ!

11. எல்லாவற்றையும் விதை வங்கியில் குளிரூட்டி வைத்துவிட்டால் போதாதா?

விதை வங்கி தேவை. மெக்சிகோவின் தெஸ்கோக்கோ அருகே உள்ள சிமித் என்னும் பன்னாட்டு மக்காச்சோள, கோதுமை ஆய்வு நிறுவனத்தின் சேமிப்பகத்தில் சுமார் 28,000 மக்காச்சோள மாதிரிகள் உள்ளன. 1970-இல் அமெரிக்காவில் ஒரே தாய்வழி மரபைக் கொண்ட ஒட்டுரகங்களைத் தென்பகுதி இலைக்கருகல் நோய் தாக்கி, நாட்டு விளைச்சலில் சுமார் 15 விழுக்காட்டை அழித்தபோது, பன்மைச் சேமிப்பு ஏன் வேண்டும் என்பது எல்லாருக்கும் உறைத்தது.

ஆனால் உறையில் உள்ள விதை, சேகரித்த ஆண்டிலேயே நின்றுவிடுகிறது. 8-ஆம் பதிலில் சொன்ன கலப்பும் தேர்வும் அங்கே நடப்பதில்லை. புதிய பூச்சியையும் புதிய மழைப்போக்கையும் அது சந்திப்பதில்லை. வங்கியிலிருந்து எடுத்து விதைக்கும்போது, எப்படித் தேர்ந்தெடுப்பது, எதற்குச் சமைப்பது என்று அறிந்தவர்கள் அந்த ஊரில் இல்லையென்றால் விதை மட்டும் திரும்பி வந்து பயனில்லை.

12. வானிலை மாறி வருகிறதே, இந்த ரகங்கள் அதைத் தாங்குமா?

சில தாங்கும், சில தாங்காது. 4-ஆம் பதிலில் பார்த்த உயர்மலை வகைகளுக்கே ஆபத்து அதிகம். அவற்றைக் கீழே கொண்டுவந்தபோது நேர்ந்தது, மேலே வெப்பம் ஏறும்போதும் நேரலாம். அவை ஏறிச்செல்ல மலைக்கு மேல் மலை இல்லை. இடைநிலத்து விதையை மேலூருக்குக் கொண்டுசெல்வது ஒரு வழி. 9-ஆம் பதிலில் சொன்ன மொழி, உறவு எல்லைகளை அந்த விதை தாண்ட வேண்டியிருக்கும். ஒரு நாட்டு ரகத்துக்குள் நிறைய வேறுபாடு இருப்பதால் தேர்வுக்கு இடம் உண்டு என்பது நம்பிக்கை தரும் செய்தி. மாற்றத்தின் வேகத்துக்கு அந்தத் தேர்வு ஈடுகொடுக்குமா என்பது வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும்.

13. மரபணு மாற்றப்பட்ட மக்காச்சோளம் மெக்சிகோ நாட்டு ரகங்களில் கலந்துவிட்டதா?

2001-இல் ஓஹாக்காவின் நாட்டு ரகங்களில் மாற்று மரபணுக்கள் இருப்பதாக நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. கடும் சர்ச்சைக்குப் பின், அதை வெளியிடப் போதிய சான்று இல்லை என்று 2002-இல் அந்த இதழே குறிப்பு வெளியிட்டது. அடுத்து வந்த ஆய்வுகளில் ஒன்று அவ்வட்டாரத்தில் கலப்பு எதுவும் தென்படவில்லை என்றது. இன்னொன்று சில மாதிரிகளில் இருப்பதை உறுதிசெய்தது. மாதிரி எடுக்கும் இடமும் அளவும் முடிவை மாற்றும் என்பதால் இந்த முரண்பாடு வியப்பானதல்ல. 2013-இல் நீதிமன்றம் அத்தகைய விதைப்புக்கான அனுமதிகளை நிறுத்திவைத்தது. 2025 மார்ச்சில் அரசமைப்புச் சட்டத்திருத்தத்தின் மூலம் அந்த விதைப்பே தடைசெய்யப்பட்டது. தீவனத்துக்காக அமெரிக்காவிலிருந்து இறக்குமதி தொடர்கிறது. விழும் மணிகள் முளைக்கக்கூடியவை என்பதால் விழிப்பு இன்னும் தேவைப்படுகிறது.

14. அந்த விதைகளை வரவழைத்துத் தமிழ்நாட்டில் விதைக்கலாமா?

தனிப்பட்ட முறையில் அஞ்சலில் வரவழைப்பது பயிர்நோய்த் தடுப்பு விதிகளுக்கு எதிரானது. அனுமதி இல்லாமல் செய்யாதீர்கள். சட்டத்தைத் தள்ளிவைத்தாலும், 4-ஆம் பதிலின் தருக்கம் இங்கேயும் பொருந்தும். தொலூக்காவின் குளிருக்குப் பழகிய விதை பெரம்பலூர் கரிசலில் என்ன செய்யும்? நல்ல விதை என்ற பொதுப்பெயர் இதில் கிடையாது. எந்த இடத்துக்கு நல்லது என்று சேர்த்தே கேட்க வேண்டும்.

நாட்டு ரகம் பார்க்க மெக்சிகோ வரை போக வேண்டியதும் இல்லை. சிக்கிமில் முர்லி மகை என்ற பொரிவகை ஒன்று நெடுங்காலமாக இருக்கிறது. ஒரே செடியில் ஐந்து முதல் ஒன்பது கதிர் வரை பிடிப்பதால் 1960-களிலேயே ஆய்வாளர் கவனத்தைப் பெற்றது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த ஒரு பயிர், சில நூற்றாண்டுகளில் இமயமலைச் சரிவுக்கு ஏற்பத் தனி வகையானது என்பதை 'நாட்டு ரகம் என்றால் ஆயிரம் ஆண்டுப் பழமை' என்று கறாராகப் பேசுவோர் கவனிக்கலாம்.

15. என்னிடம் ஒட்டுரகம் அல்லாத மக்காச்சோள விதை கொஞ்சம் இருக்கிறது. வகை கெடாமல் எப்படிக் காப்பது?

முதல் எதிரி கலப்பு, இரண்டாவது எதிரி குறைந்த எண்ணிக்கை. பக்கத்தில் ஒட்டுரக வயல் இருந்தால் குறைந்தது 200 மீட்டர் இடைவெளி விடுங்கள். முடியாவிட்டால், இரண்டும் ஒரே சமயத்தில் பூக்காதபடி மூன்று நான்கு வாரம் முன்பின்னாக விதையுங்கள். வயல் ஓரத்துச் செடிகளை உணவுக்கும் நடுவில் உள்ளவற்றை விதைக்கும் வையுங்கள்.

மிகச் சிறந்த ஐந்தாறு கதிர்களை மட்டும் விதைக்கு எடுப்பது பலரும் செய்யும் தவறு. மக்காச்சோளம் அயல்மகரந்தச் சேர்க்கைப் பயிர். குறைந்த செடிகளின் வாரிசுகளே திரும்பத் திரும்பக் கலந்தால் சில தலைமுறையில் செடி குட்டையாகி, கதிர் சிறுத்து, மணி பிடிப்பதும் குறையும். கூடுமானால் நூறு கதிர்களிலிருந்தாவது எடுத்து, ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ அதே அளவு மணி சேர்த்துக் கலந்து வையுங்கள். இடம் போதாது என்றால் இரண்டு மூன்று பேர் பகிர்ந்து விதைத்து, அறுவடைக்குப் பின் ஒருவர் விதையை மற்றவருக்குக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். 8-ஆம் பதிலில் சொன்ன குசலாப்பா விவசாயிகள் செய்வதும் ஏறத்தாழ அதுவே.